வெயிலும் சோம்பலும் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எனக்குச் சொந்த ஊர் கடையநல்லூர். ஒன்பது வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்தேன். போன வருடம் கம்பெனி என்னைக் கொழும்புக் கிளைக்கு மாற்றியது, 14 மாதம் ஆகிறது. இரண்டும் பூமத்திய ரேகையை ஒட்டிய தீவுகள். அதே வெக்கை, அதே மழை, அதே தென்னை. இரண்டையும் வெள்ளைக்காரன்தான் ஆண்டான். ஆனால் அங்கே காலை ஏழு மணிக்கு ரயிலில் நிற்க இடமிருக்காது. இங்கே பத்து மணிக்கும் ஆபீஸில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். மதியம் ஒரு மணிக்கு எங்கள் தெருக் கடைக்காரர் கல்லாவிலேயே தூங்குகிறார். வெப்ப நாட்டு மனிதருக்குச் சோம்பல் இயற்கை, சிங்கப்பூர் ஏசியைப் போட்டு அதை ஜெயித்தது, இலங்கை ஜெயிக்கவில்லை என்கிறார் என் மேலதிகாரி. யோசித்தால் சரியாகத்தான் படுகிறது. நம் ஊரும் அப்படித்தானே? சுத்தம், சாப்பாடு, படிப்பு, மருத்துவம் என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன், இணைத்துள்ளேன். ஊரிலிருக்கும் மனைவியையும் ஆறு வயது மகளையும் அழைத்துவந்து குடியிருக்க எந்த நாடு நல்லது? கம்பெனி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அப்புறம் ஒன்று, சொதி நம்முடையதா, அவர்களுடையதா?

ஆர்., கொழும்பு

*

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்குக் காரணம் வேலை அல்ல, உங்கள் கடிதத்திலிருந்த 'சோம்பல்' என்ற சொல். போன மாதம் எங்கள் பெரியம்மா இறந்து வருசம் திரும்பியது. அன்றைக்கு அவளுடைய தகரப் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஊரில் அவளை என்னவெல்லாம் சொல்லி அழைத்தோம் என்ற நினைப்பு வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம். அதனால் கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். சொதி தேங்காய்ப்பாலுடையது. நம் பக்கம் மறுவீட்டு விருந்தில் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு இஞ்சிப் பச்சடியோடு வைக்கிறோம். அங்கே மஞ்சளும் பச்சைமிளகாயும் போட்டு நீர்க்கச் செய்து இடியாப்பத்துக்கு ஊற்றுகிறார்கள். இரண்டையும் சாப்பிடுங்கள், வழக்கு வேண்டாம். சுத்தம் என்பது அபராதமும், விடியற்காலையில் துடைப்பத்தோடு வருகிற ஆளும் இருக்கிற இடத்தில் இருக்கும், அதைப் பண்பாடு என்று தலையில் தூக்கி வைக்க வேண்டாம். உங்கள் பட்டியலை முழுக்கப் படித்தேன். இணைய வேகம், மீன் விலை வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். உழைத்துத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் இருக்க வேண்டிய ஒரு வரி அதில் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது வெயிலுக்கு வருவோம்.

உங்கள் மேலதிகாரி புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. குளிர் தேசத்தான் திடமானவன், சூட்டுத் தேசத்தான் உடம்பும் மனமும் தளர்ந்தவன் என்று பிரெஞ்சுக்காரர் மோந்தெஸ்க்யூ 1748-லேயே எழுதிவிட்டார். அதற்குப் பின்னால் வந்த தோட்டத்துரைகளுக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. இலங்கை மலையில் 1830-களில் காடழித்துக் காப்பி போட ஆரம்பித்தபோது, பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடியானவன் கூலிக்கு வரவில்லை. ஏன் வருவான்? அவனுக்குச் சொந்தமாக வயல் இருந்தது, வீட்டைச் சுற்றிப் பலாவும் தென்னையும் இருந்தன. தன் வயலை விட்டுவிட்டு இன்னொருவன் தோட்டத்தில் அடிமைபோல நிற்க மறுத்தவனுக்குத் துரை வைத்த பெயர் சோம்பேறி. மலாயாவிலும் அதேதான், வயலும் மீன்பிடியும் இருந்த மலாய்க்காரன் சோம்பேறி ஆனான். அப்புறம் யாரைக் கொண்டுபோனார்கள்? திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து, காணி நிலம் இல்லாதவர்களை, தாது வருசப் பஞ்சத்தில் கஞ்சிக்கு நின்றவர்களை. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடக்கவிட்டார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்து செத்தவர்களுக்குச் சரியான கணக்குக்கூடக் கிடையாது. அப்படிப் போய்ச் சேர்ந்தவர்களையும், காய்ச்சலில் ஒருநாள் எழுந்திருக்காவிட்டால் சோம்பேறி என்றுதான் சொன்னார்கள். நன்றாகக் கவனியுங்கள் தம்பி, அந்தச் சொல்லை எப்போதும் நிழலில் உட்கார்ந்திருப்பவன்தான் சொல்கிறான், வெயிலில் நிற்பவனைப் பார்த்து.

சூடுதான் காரணம் என்றால் கணக்கும் இடிக்கிறது. சிங்கப்பூரில் பதிவான அதிகபட்ச வெப்பமே 37 டிகிரிதான், 1983-இல் ஒருமுறை, 2023-இல் ஒருமுறை. ஈரப்பதம் கூட, ராத்திரியும் புழுக்கம் இறங்காது, அதை மறுக்கவில்லை. ஆனால் நம் பாளையங்கோட்டையில் சித்திரை வைகாசியில் 40-ஐத் தொடுவது ஒரு செய்தியே கிடையாது. உங்கள் மேலதிகாரி கணக்குப்படி நம் சனம் கட்டிலைவிட்டு இறங்கியே இருக்கக் கூடாது.

திசையன்விளை, உடன்குடிப் பக்கம் பதநீர்க் காலத்தில் ஒருநாள் போய்ப் பாருங்கள். பனையேறி இருட்டோடு எழுந்து போய்விடுவார். பாளை அரிவாளும் இடுப்பில் பெட்டியுமாக ஒவ்வொரு மரமாக ஏறி, கலயத்தை இறக்கி, பாளையைச் சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவி, மறுபடி கட்டி, இறங்கி, அடுத்த மரம். ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரத்துக்கு மேல். வெயில் ஏறுவதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். பதநீர் புளிக்கும் முன்னால் விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசையில், அவர் வீட்டம்மா அடுப்பு மூட்டிக் காய்ச்ச ஆரம்பித்திருப்பார், அந்த அனலை எந்த டிகிரியில் அளப்பது என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அவர் மறுபடி அத்தனை மரமும் ஏற வேண்டும், மறுநாள் விடிந்தால் மறுபடியும். நடுவில், பன்னிரண்டிலிருந்து மூன்று வரைக்கும், விடிலி ஓரத்து நிழலில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். நீங்களோ உங்கள் மேலதிகாரியோ ஏசி காரில் சரியாக ஒரு மணிக்குப் போய் இறங்கினால் உங்கள் கண்ணில் படுவது அந்தத் துண்டும் தூக்கமும்தான். அதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு இனத்தைப் பற்றி எழுதுவீர்கள்.

சூடான ஊரில் உழைக்கிறவன் தன் பகலை மூன்றாக மடித்து வைத்திருப்பான். நடு மடிப்பைப் பார்த்து அவனை எடைபோடாதீர்கள். கல்லாவில் தூங்கும் உங்கள் கடைக்காரர் காலையில் எத்தனை மணிக்குக் கடை திறக்கிறார் என்று கேட்டீர்களா? ராத்திரி எத்தனை மணிக்கு அடைக்கிறார்? கேட்டிருக்க மாட்டீர்கள் என்று கடிதமே சொல்கிறது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்றால், நானும் அந்தச் சொல்லைச் சொன்னவன்.

எங்கள் பெரியப்பா சின்ன வயதிலேயே சொந்தக்காரக் கங்காணி ஒருவரோடு இலங்கைக்குப் போனவர். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கேயே பிறந்து வளர்ந்த பெண்ணைக் கட்டினார், அவள்தான் பெரியம்மா. இந்தியாவை அவள் பார்த்ததே கிடையாது. 1948-இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் போட்டபோது, அங்கேயே பிறந்திருந்தாலும் போதாது, தகப்பன் அங்கே பிறந்ததற்குக் காகிதம் காட்டு என்றார்கள். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவனுக்கு என்ன காகிதம் இருக்கும்? சுமார் 7 லட்சம் பேர் ஒரு நாடும் இல்லாதவர்கள் ஆனார்கள். மறுவருடம் ஓட்டும் போயிற்று. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதையும் 1974-இல் பாதிப் பாதியாக்கினார்கள். அந்தப் பங்கில் எங்களுக்கு வந்தவள் பெரியம்மா.

1973 பங்குனியில் வந்தார்கள். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, முக்கூடல் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துக்கு. பெட்டியைத் திறந்ததும் ராணி சந்தன சோப்பு வாசம் வீடு முழுக்க வந்தது. உள்ளே இரண்டு கம்பளி, குடும்ப அட்டை, ஒரு சாமி படம். கம்பளியைப் பார்த்து எங்கள் தெருவே சிரித்தது. ஹட்டன் மலையில் சாயங்காலமானால் பனி இறங்கும், இங்கே பங்குனி.

வந்த இரண்டாம் வாரத்திலிருந்து அவளால் முடியவில்லை. பதினோரு மணிக்கு மேல் உள்ரூம் சிமெண்டுத் தரையில் ஈரத் துண்டை மேலே போட்டுக்கொண்டு கிடப்பாள். நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். எங்கள் ஊரில் பெண்களெல்லாம் பீடி சுற்றுகிறவர்கள், மடியில் சுளகு இல்லாமல் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதே ஊருக்குப் பொறுக்காது. 'சிலோன்காரிக்கு ஒடம்பு வளையாதுல்லா' என்றார்கள். ஆச்சியும் சொன்னாள். எனக்கு ஒன்பது வயது. ஒருநாள் மதியம் தண்ணீர் கேட்டு உள்ளே போய், அவள் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமானதும், 'சோம்பேறிப் பெரியம்மா' என்று கத்திவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. எழுந்து தண்ணீர் மோந்து கொடுத்தாள். குடித்து முடித்ததும் என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, தன் விரல்களைக் காட்டினாள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உள்பக்கம் கறுப்பாகக் கோடு கோடாக வெடித்திருந்தது. தேயிலைக் கறை, கழுவினால் போகாது. 'இந்தக் கை ஒரு நாளைக்கு நாப்பது ராத்தல் கொழுந்து எடுத்திருக்கு ராசா. வெள்ளன ஆறு மணிக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்கு நிக்கணும். மழையில படங்கக் கட்டிக்கிட்டு, அட்டை கடிக்கக் கடிக்க எடுத்திருக்கு' என்றாள். அப்புறம் என்னிடம் கேட்பதுபோல இல்லாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: 'அங்க தேயிலைச் செடிக்கே முருங்கை மரம் நட்டு நெழல் குடுப்பாங்க.'

கல்யாண முருங்கையைத்தான் சொன்னாள். தேயிலைக்கு நேர் வெயில் ஆகாதென்று நடுவில் நிழல் மரம் வைப்பார்கள், இத்தனை அடிக்கு ஒன்று என்று அதற்குக் கணக்கு உண்டு. கிளை வெட்டுவதற்கும் பருவம் உண்டு. செடிக்கு இருந்த அந்தக் கணக்கு அதைக் கிள்ளியவளுக்கு எந்த ஊரிலும் இருக்கவில்லை என்பது எனக்குப் புரிய இருபது வருடமாயிற்று.

ஆனி பிறந்து சாரல் காற்று வந்ததும் அவள் எழுந்துவிட்டாள். பீடிக்கு உட்கார்ந்தாள். ராத்திரியே நனைத்துச் சாக்கில் சுருட்டி வைத்த இலையை முதல்முறை கையில் எடுத்தபோது மோந்து பார்த்துவிட்டு, 'இது செத்த இலை' என்றாள். தகர அளவை வைத்து இலை வெட்டுவதற்கு மட்டும் கொஞ்ச நாள் பிடித்தது. தூள் வைத்து உருட்டி, நூல் சுற்றி, வாயை மடக்குவதற்கெல்லாம் அந்த விரல்களுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் இடம்தான் சிக்கல். எங்கள் வளவில் ஒரே ஒரு வேப்ப மரம். அதன் அடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்காருவார்கள், ஒவ்வொருத்திக்கும் காலம்காலமாக ஒரு இடம். புதிதாக வந்தவளுக்கு மேற்கோரம். மதியம் திரும்பியதும் வெயில் நேராக அவள் மேல் வரும். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சுற்றுவாள். எத்தனையோ நாள் கழித்து, ஒரு மதியம், பக்கத்திலிருந்த அத்தை ஒருத்தி பேச்சை நிறுத்தாமலே சுளகை ஒரு முழம் நகர்த்தினாள். அவளுக்கு அடுத்தவள் நகர்ந்தாள். பெரியம்மா நிழலுக்குள் வந்தாள். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வருடம் அவள்தான் எங்கள் வளவில் முதலில் எழுந்திருக்கிறவள். மூன்றரை மணிக்கு அரிக்கேன் விளக்கில் இலை வெட்டும் சத்தம் எனக்குத் தூக்கத்தில் கேட்கும். மதியம் தூங்குவாள், சாயங்காலத்துக்குள் ஆயிரம் பீடி முடித்துவிடுவாள்.

சரி, உங்கள் இரண்டு நாடுகள்.

உங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தறி நொடித்துக் கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போனவர்கள் ஆண்கள் மட்டுமில்லை, குடும்பத்தோடு போனார்கள், அந்தக் காலத்தில் அது அபூர்வம். உங்கள் ஊர்ப் பெண்கள் சந்தையில் மசாலா அரைத்து விற்றார்கள். தஞ்சோங் பகார் துறைமுகப் பக்கம் குடியிருந்துகொண்டு 1946-இல் நம் எட்டயபுரத்து உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். 1957-இல் அங்கே குடியுரிமைச் சட்டம் வந்தபோது, வேறு நாட்டில் பிறந்து அங்கே பல வருடம் வாழ்ந்தவனுக்கும் பதிந்துகொள்ள வழி வைத்தார்கள். இலங்கையில் அதற்கு ஒன்பது வருடம் முன்னால் வந்த சட்டம் உள்ளே பிறந்தவனையே வெளியே தள்ளியது. ஒரே தாமிரபரணித் தண்ணீர் குடித்த இரண்டு குடும்பம். ஒன்றின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு சிங்கப்பூர்க் குடிமக்கள். இன்னொன்று ராமேஸ்வரத்தில் கம்பளியோடு இறங்கியது. இதில் வெயிலுக்கு என்ன வேலை?

1956-இல் கொழும்புக்கு வந்தபோது அது சிங்கப்பூரைவிட நல்ல நிலையில் இருந்ததாக சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூவே பின்னாளில் எழுதியிருக்கிறார். அதே 1956-இல்தான் இலங்கை சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்டது. 1965-இல் தனி நாடானபோது சிங்கப்பூர் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நாலையும் வைத்துக்கொண்டது. 1956-க்கும் இனக்கலவரம் வெடித்த 1983-க்கும் நடுவில் கொழும்பின் பருவநிலை மாறிவிட்டதா? 2022-இல் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றார்களே, அது சோம்பலா? திருப்பிக் கட்ட முடியாத கடன், 2019-இல் வரியைக் குறைத்தது, 2021-இல் விவசாயியைக் கேட்காமல் ரசாயன உரத்தை நிறுத்தியது, இதெல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்து எடுத்த முடிவுகள். வரிசையில் நின்றவன் வெயிலில்தான் நின்றான்.

அந்தச் 'சோம்பேறி' நாடு என்ன செய்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1931-லேயே ஆண் பெண் எல்லோருக்கும் ஓட்டு. 1945-லிருந்து இலவசக் கல்வி, பல்கலைக்கழகம் வரைக்கும். 1934-35-இல் மலேரியா அங்கே சுமார் 80,000 பேரைக் கொன்றது. மருந்தடித்து மருந்தடித்து 1963-இல் நோய் கண்டவர்களையே 17 பேராகக் குறைத்தார்கள். கொஞ்சம் அசந்ததும் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. மறுபடி ஆரம்பித்தார்கள். போர் நடந்த வருடங்களிலும் வடக்கில் அந்த வேலை நிற்கவில்லை. 2016-இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்தது. ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு குட்டையாக, கம்பவுண்டர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து செய்த வேலை அது. நடந்தவர்கள் அந்த வெப்பத்தில்தான் நடந்தார்கள். இந்தியாவில் நம்மால் இன்னும் முடியவில்லை.

சிங்கப்பூர் ஏசியால் ஜெயித்தது என்பது பாதி உண்மை. ஏசி இல்லாவிட்டால் நடந்திருக்காது என்று லீயே சொல்லியிருக்கிறார், அரசு அலுவலகங்களுக்குத்தான் முதலில் போட்டார். ஆனால் அந்த நாட்டில் என்னைக் கட்டிப்போட்டது வேறு. 1960-இல் வீட்டு வாரியம் ஆரம்பித்தார்கள். அடுத்த வருடமே புக்கிட் ஹோ சுவீ குடிசைகள் எரிந்து 16,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். அதிலிருந்து கட்டிக்கொண்டே இருந்தார்கள், இன்றைக்கு ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் அந்த வாரிய வீடுகளில்தான். அந்த மாடிகளின் தரைத்தளத்தைச் சுவர் வைக்காமல் திறந்து விட்டிருக்கிறார்கள். 2014-இல் நான் போயிருந்தபோது பிற்பகலெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். சீனக் கிழவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமும் அங்கேதான், சாவுக்குப் பந்தலும் அங்கேதான். நம் ஊரில் இடித்துத் தள்ளிய திண்ணையை அங்கே அரசாங்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. வெளியே சாலை ஓரமெல்லாம் தூங்குமூஞ்சி மரம், நம் பாளையங்கோட்டைத் தெருக்களில் நிற்கிற அதே மரம். அங்கே அதன் கிளை ரோட்டுக்கு மேல் கைகோத்து நிற்கிறது. நாமோ தென்காசிச் சாலையை அகலப்படுத்த நின்றதையெல்லாம் வெட்டிவிட்டு, பஸ் நிறுத்தத்துக்குத் தகரக் கூரை போட்டோம்.

ஆனால் அதே 2014-இல் இன்னொன்றும் பார்த்தேன். ஒரு மேம்பாலத்துக்குக் கீழே, மதியம் பன்னிரண்டரை. வரிசையாக முப்பது நாற்பது பேர் அட்டையை விரித்துப் படுத்திருந்தார்கள். தலைக்கு ஹெல்மெட், கால்மாட்டில் பூட்ஸ் ஜோடி ஜோடியாக. பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்து ஆட்கள். நான் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு ஒரு பையன் முழங்கையை ஊன்றி எழுந்து, 'அண்ணாச்சி, திருநவேலியா?' என்றான். சங்கரன்கோவில் பக்கம். காலை ஐந்து மணிக்கு லாரியின் பின்னால் நின்று வருகிறானாம், ராத்திரி அதே லாரியில் திரும்ப வேண்டும். 'இந்த ஒரு மணி நேரம் நெழலு கெடைக்கி அண்ணாச்சி, அது போதும்' என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்தான், அந்த நிமிடமே தூங்கிவிட்டான். அவனுக்கு நேர் மேலே எங்கேயோ ஒரு அறையில் உங்கள் மேலதிகாரி மாதிரி ஒருவர் உட்கார்ந்திருந்திருப்பார். ஏசி வெக்கையை அழிப்பதில்லை தம்பி, உள்ளே இருப்பதை எடுத்து வெளியே தள்ளுகிறது, வெளியே நிற்கிறவன் மேல்.

அந்தப் பையனைப் போன்றவர்கள் 3 லட்சத்துக்கு மேல் விடுதிகளில் அடுக்கடுக்காகப் படுத்திருந்தார்கள் என்பது 2020-இல் கொரோனா அங்கே புகுந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 2023 அக்டோபரில் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் கணக்கில் 32 டிகிரியைத் தொட்டால், கடினமான வேலை செய்கிறவனுக்கு மணிக்குக் குறைந்தது பத்து நிமிடம் நிழலில் ஓய்வு. நல்ல விதி. நம் ஊர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அதுகூடக் கிடையாது. ஆனால் யோசியுங்கள், பத்து நிமிட நிழலைச் சட்டமாக எழுதவேண்டியிருந்தது.

2018-இல் பெரியம்மா இருந்த தோட்டத்தைத் தேடிப் போனேன். கொழும்பிலிருந்து ரயில். லயம் அப்படியே நிற்கிறது, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, உள்ளே ஆறு பேர், சுவரில் புகை ஏறிக் கறுத்திருந்தது. அவர்களுக்குக் குடியுரிமைச் சிக்கல் முழுக்கத் தீர்ந்தது 2003-இல். நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது 2021-இல். வெளியே சரிவு முழுக்கத் தேயிலை, நடுநடுவே நிழல் மரங்கள் ஒழுங்காகக் கிளை கழித்து நின்றன.

அதனால் எந்த நாடு நல்லது என்று கேட்டால் என்னால் ஒரு நாட்டின் பெயர் சொல்ல முடியவில்லை. சிங்கப்பூரில் எந்த வேலை அனுமதிப் பாஸில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து அது வேறு வேறு நாடு. இலங்கையும் அப்படித்தான், கொழும்பில் உங்கள் ஆபீஸ் வேறு, ஹட்டன் வேறு. மகளின் பள்ளிக்கூடம், சம்பளம், சேமிப்பு எல்லாம் உங்கள் பட்டியலில் இருக்கிறது, அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வீடு பார்க்கும்போது மேற்குச் சுவர் எந்த அறைக்கு வருகிறது என்று பாருங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் மனைவி கீழே இறங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆளும், உட்கார ஒரு நிழலும் இருக்குமா என்றும் பாருங்கள். நீங்கள் அந்த நேரத்தில் ஆபீஸில் இருப்பீர்கள்.

பட்டியலில் இல்லாத வரி அதுதான். மூன்று பக்கப் பட்டியல், மீன் விலைகூட இருக்கிறது, உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கள் பெரியப்பாவும் பெரியம்மாவைக் கேட்கவில்லை. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சொன்னாராம். கம்பளியை எடுத்து வைப்பதா வேண்டாமா என்று மட்டும்தான் அவளால் முடிவெடுக்க முடிந்தது. எடுத்து வைத்தாள். ஐம்பது வருடம் அதை இந்த ஊரில் ஒருநாள்கூடப் போர்த்தவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

இன்று ராத்திரியே வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எனக்கு எழுதுங்கள், பட்டியல் வேண்டாம். அப்படியே நாளைக்கு அந்தக் கடைக்காரரிடமும் காலையில் எத்தனை மணிக்குக் கடை திறக்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி